ஒரு செட்டுக்கும் அடுத்த செட்டுக்கும் நடுவே

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆணி அதிகம். (வருஷக் கடைசி ஆடிட் என்றால் என்னவென்று கணக்கு எழுதுகிறவர்களுக்குத்தான் தெரியும்.) ஆனால் போன வாரம் நடந்த ஒரு சின்னச் சண்டை மண்டைக்குள் குடைந்துகொண்டே இருக்கிறது. எழுதினால்தான் போகும் போலிருக்கிறது.

இங்கே துபாயில் இப்போது யாரைப் பார்த்தாலும் பேடல் ஆடுகிறார்கள். தெரியாதவர்களுக்கு ஒரு வரியில் சொல்கிறேன். டென்னிஸைச் சுருக்கி ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் அடைத்தால் பேடல். 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், பின்பக்கச் சுவரில் பட்டுத் திரும்பும் பந்தையும் அடிக்கலாம், எப்போதும் இரண்டு பேருக்கு எதிராக இரண்டு பேர். 1969-ல் மெக்சிகோவின் அகபுல்கோவில் என்ரிகே கோர்குவேரா என்ற பணக்காரர் தன் வீட்டில் இடம் போதாமல் கண்டுபிடித்தது. முதல் விதிகளை எழுதியது அவர் மனைவி விவியானா என்பார்கள். 1974-ல் ஸ்பெயினின் மார்பெய்யாவுக்குப் போய், அங்கிருந்து அர்ஜென்டினா, அப்புறம் உலகம். 1991-ல் சர்வதேச சம்மேளனம். 2022-ல் உலகக் கோப்பையே துபாயில்தான் நடந்தது.

எங்கள் அலுவலகத்துக்கும் வேறு ஏழெட்டு அலுவலகங்களுக்கும் ஒரு லீக் நடக்கிறது. ஆடுவதெல்லாம் தொப்பை விழுந்த நாற்பது வயதுக்காரர்கள். (நானும்தான், ஹி ஹி.) அரையிறுதி. முதல் செட் எங்களுக்கு. இரண்டாவதில் 4-4. எதிரணிக்காரர் ஒருவர் மட்டையைக் கீழே வைத்துவிட்டு, "டாய்லெட்" என்று கையைக் காட்டிவிட்டுப் போனார். போனவர் போனவர்தான். ஏழு நிமிஷம் கழித்து வந்தார். உடம்பு குளிர்ந்துபோன நாங்கள் அந்த செட்டைக் கோட்டைவிட்டோம், அடுத்ததையும்.

என் ஜோடிக்காரன் குதித்தான். விதி எங்கே, யார் அனுமதி கொடுத்தது, இது ஏமாற்று வேலை என்று ஒரே சத்தம். எங்கள் லீக்கின் விதித்தாளில் சிறுநீர் பற்றி ஒரு எழுத்து இல்லை. கடைசியில் அமைப்பாளர், "நீ கணக்குக்காரன்தானே, அடுத்த வருஷத்துக்கு ஒரு விதி எழுதிக் கொடு" என்று என் தலையில் கட்டிவிட்டார்.

சரி, விதி எழுத வேண்டுமென்றால் முதலில் மற்றவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் இல்லையா? பார்த்தேன். அங்கே ஆரம்பித்தது பாறசாலையில் போய் நின்றது.

* * *

பேடல் தன் எண்ணிக்கையையும் ஓய்வு நேரங்களையும் டென்னிஸிடமிருந்து வாங்கிக்கொண்ட விளையாட்டு. பக்கம் மாறும்போது 90 விநாடி, செட் முடிந்தால் 120 விநாடி. டென்னிஸ் விதிப்புத்தகத்தில் 29-ம் விதியின் சாரம், ஆட்டம் தொடங்கியதிலிருந்து முடியும்வரை தொடர்ச்சியாக நடக்க வேண்டும் என்பது. அதற்கு விலக்காக, முன்கூட்டியே அறிவித்திருந்தால் குறிப்பிட்ட எண்ணிக்கையில் கழிப்பறை இடைவேளை தரலாம் என்று இருக்கிறது. எத்தனை நிமிஷம் என்பது அந்த விதியில் இல்லை.

அந்த ஓட்டைதான் 2021-ல் பெரிதானது. அமெரிக்க ஓபன் முதல் சுற்று, ஆண்டி மர்ரேவும் கிரீஸின் சிட்சிபாஸும். ஐந்தாவது செட்டுக்கு முன்னால் சிட்சிபாஸ் போனார். ஏறக்குறைய எட்டு நிமிஷம். மர்ரே தோற்றார். ஜெஃப் பெசோஸ் விண்வெளிக்குப் போன நேரத்தைவிட இரண்டு மடங்கு இது என்று மறுநாள் நக்கலடித்தார். சிட்சிபாஸ் விதியை மீறவில்லை. மீற விதியே இல்லையே!

2022-ல் ஆண்கள் தொழில்முறைச் சங்கம் விதியைத் திருத்தியது. ஒரு ஆட்டத்துக்கு ஒரே ஒரு கழிப்பறை இடைவேளை. செட் முடிவில்தான் போகலாம். கழிப்பறைக்குள் நுழைந்ததிலிருந்து மூன்று நிமிஷம். உடை மாற்றுவதாக இருந்தால் கூட இரண்டு நிமிஷம்.

"நுழைந்ததிலிருந்து" என்பதைக் கவனியுங்கள். கழிப்பறை மைதானத்துக்குப் பக்கத்தில் இருக்கலாம், தூரத்திலும் இருக்கலாம். நடக்கும் நேரத்துக்கு ஆட்டக்காரர் பொறுப்பில்லை. யாரோ நன்றாக யோசித்து எழுதியிருக்கிறார்கள்.

இதைவிடப் பெரிய கூத்து செஸ்ஸில் நடந்தது. 2006, ரஷ்யாவின் எலிஸ்டா நகரம். கிராம்னிக்கும் டோபலோவும் உலகப் பட்டத்துக்காக மோதினார்கள். ஒவ்வொருவருக்கும் தனி ஓய்வறை, தனிக் கழிப்பறை. நான்கு ஆட்டம் முடிந்தபோது கிராம்னிக் 3-1 முன்னிலை. டோபலோவின் மேலாளர் டானைலோவ் ஒரு புகார் கொடுத்தார். கிராம்னிக் ஒரே ஆட்டத்தில் ஐம்பது தடவைக்கு மேல் கழிப்பறைக்குப் போகிறார், உள்ளே என்னமோ நடக்கிறது என்று. கிராம்னிக் தரப்பு பதில் சொன்னது: அவர் ஆட்டத்தின்போது நிறையத் தண்ணீர் குடிப்பவர், நடந்துகொண்டே யோசிப்பவர். மேல்முறையீட்டுக் குழு அதைக் கேட்காமல் தனிக் கழிப்பறைகளைப் பூட்டிவிட்டு, இருவருக்கும் ஒரு பொதுக் கழிப்பறை என்றது. செப்டம்பர் 29-ம் தேதி கிராம்னிக் ஆட வரவில்லை. பூட்டிய கதவுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். ஐந்தாவது ஆட்டம் அவர் தோற்றதாக அறிவிக்கப்பட்டது. அப்புறம் சமாதானம், பூட்டும் திறந்தது. 6-6 என்று முடிந்து, அக்டோபர் 13-ல் வேக ஆட்டத்தில் கிராம்னிக் ஜெயித்தார். (அந்த கிராம்னிக்கைத்தான் 2008-ல் பான் நகரத்தில் நம்ம ஆனந்த் தோற்கடித்தார். கேப்பில் ஒரு பெருமை!)

சந்தேகப்பட்டவர்கள் முழுக்கத் தப்பென்றும் சொல்ல முடியாது. 2015-ல் இதே துபாய் ஓபனில் ஜார்ஜியாவின் கிராண்ட்மாஸ்டர் நிகலிட்ஸே கழிப்பறைக்குள் போனை ஒளித்துவைத்து விடை பார்த்து மாட்டினார். மூன்று வருஷத் தடை, கிராண்ட்மாஸ்டர் பட்டமும் போச்சு.

இத்தனைக்கும் நடுவில் செஸ் விதிகளில் ஒரு வாக்கியம் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஆட்ட வளாகம் என்றால் என்ன என்று அவர்கள் வரையறை செய்கிறார்கள். பலகை இருக்கும் இடம் மட்டுமல்ல. ஓய்வறை, கழிப்பறை, தண்ணீர் குடிக்கும் இடம் எல்லாம் சேர்ந்ததுதான் வளாகம். கழிப்பறைக்குப் போனவர் ஆட்டத்தை விட்டுப் போனவர் இல்லை. அவர் இன்னும் ஆட்டத்துக்குள்தான் இருக்கிறார்.

இதைப் படித்தபோதுதான் எனக்கு அக்கா ஞாபகம் வந்தது. (கொசுவர்த்தி சுத்த ஆரம்பிச்சாச்சு, பொறுத்துக்கொள்ளவும்.)

* * *

நிற்க. ஊரைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன்.

பாறசாலை, கேரளாவின் தென்கோடி. நெய்யாற்றின்கரைத் தாலூகா. சில கிலோமீட்டர் தள்ளிக் களியக்காவிளை, அங்கிருந்து தமிழ்நாடு. 1956 நவம்பர் 1-ம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நாலு தாலூகாவும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாகாணத்தோடு சேர்ந்தன. அதற்கு முன்னால் 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலி. நெய்யாற்றின்கரை அந்தப் பக்கமே நின்றுவிட்டது. எங்களைப் போல வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம் என்று வளர்ந்த குடும்பங்கள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிறைய. நான் தமிழ் எழுதப் படித்ததே களியக்காவிளை பஸ் ஸ்டாண்டுக் கடையில் தொங்கிய வாரப் பத்திரிகைகளில்தான். அதனால் எழுத்துப்பிழைக்கு மன்னிப்பு முன்கூட்டியே.

எங்கள் ஊரில் கழிப்பறைக்குப் பெயர் கக்கூஸ். இது டச்சுச் சொல் என்று தெரியுமா? 'கக்ஹவுஸ்' என்பதிலிருந்து வந்தது. 1741-ல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரர்களைத் தோற்கடித்தார் என்று பாடப்புத்தகத்தில் பக்கம் பக்கமாகப் படித்தோம். தோற்றுப்போனவர்கள் இந்தப் பக்கத்து மொழிகளில் விட்டுப்போன சொற்களில் இது ஒன்று. சொல் முன்னாலேயே வந்துவிட்டது, பொருள் வந்து சேரத்தான் பல வீடுகளில் இருநூறு வருஷத்துக்கு மேல் ஆனது. எங்கள் வீட்டில் கக்கூஸ் கட்டியது நான் எட்டாவது படிக்கும்போது. அதுவரை அம்மையும் அக்காவும் விடிவதற்கு முன்னால் ஒருதரம், இருட்டிய பிறகு ஒருதரம். நடுவில் கிடையாது. சூரியன்தான் எங்கள் வீட்டுப் பெண்களுக்கு நடுவர்.

அம்மை அண்டி ஆபீசில் வேலை பார்த்தாள். முந்திரித் தொழிற்சாலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். கொல்லத்திலிருந்து மார்த்தாண்டம், கருங்கல் வரைக்கும் லட்சக்கணக்கான பெண்கள் அண்டி தல்லியும் தோல் உரித்தும் குடும்பத்தைக் காப்பாற்றினார்கள். தரையில் குத்தவைத்து உட்கார்ந்து நாள் முழுக்க வேலை. தொழிற்சாலை என்பதால் 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் அங்கே செல்லும். அந்தச் சட்டத்தின் 19-வது பிரிவை இப்போதுதான் தேடிப் படித்தேன். போதுமான கழிப்பறைகள் இருக்க வேண்டும், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி வேண்டும், தொழிலாளர்கள் தொழிற்சாலையில் இருக்கும் எல்லா நேரத்திலும் அவற்றைப் பயன்படுத்த வசதியாக இருக்க வேண்டும். "எல்லா நேரத்திலும்"! டென்னிஸ் வீரருக்கு ஆட்டத்தில் ஒரே தடவைதான். (அந்தச் சட்டத்தின் இடத்துக்கு இப்போது 2020-ம் வருஷத்துத் தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது, 2025 நவம்பர் முதல் அமலில் இருக்கிறது.)

அப்படியானால் அம்மைக்குப் பிரச்சினை இல்லையா? இருந்தது. தல்லுவதற்கும் உரிப்பதற்கும் கூலி எடைக்கணக்கு. எத்தனை கிலோ பருப்போ அத்தனை ரூபாய். எழுந்து போனால் யாரும் திட்ட மாட்டார்கள், நேரம் பார்க்க மாட்டார்கள். சாயந்திரம் தராசு பார்த்துக்கொள்ளும். அந்த விதியை எழுத ஒரு ஆபீசர்கூடத் தேவைப்படவில்லை.

* * *

அக்காவுக்கு அண்டி ஆபீஸ் பிடிக்கவில்லை. அண்டிப்பாலில் கை கறுத்துப்போகும், கல்யாணச் சந்தையில் கையைப் பார்த்தே தெரிந்துவிடும் என்று பயம். பத்தாவது முடித்தவள். திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேர்ந்தாள். 1998-ல். (கடையின் பெயர் வேண்டாம்.) 1979-ல் திறந்த கன்னியாகுமரி லைனில் காலையில் பாசஞ்சர் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் தம்பானூர். எங்கள் ஊரிலிருந்து மட்டும் பத்துப் பன்னிரண்டு பெண்கள் அதே வண்டியில் போவார்கள். நல்ல புடவை, தலையில் பூ. எங்களுக்கெல்லாம் அவள் ஏதோ ஆபீசருக்குப் போகிற மாதிரி இருக்கும்.

காலை ஒன்பதரைக்கு ஏறி நின்றால் ராத்திரி எட்டு வரை நிற்க வேண்டும். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது. சுவரில் சாயக் கூடாது. கழிப்பறை மேல்மாடியில், சரக்கறைக்குப் பக்கத்தில், எல்லோருக்கும் சேர்த்து ஒன்று. போக வேண்டுமென்றால் மாடிச் சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும். அவர் ஆண். ஒரு நோட்டு வைத்திருப்பார். போன நேரம், வந்த நேரம். ஒரு தளத்திலிருந்து ஒரே சமயத்தில் ஒருத்தி மட்டும். ஐந்து நிமிஷம் தாண்டினால் அந்த மாதச் சம்பளத்தில் பிடித்தம். ஒரே நாளில் இரண்டாவது தடவை கேட்டால் எல்லார் முன்னாலும் ஒரு கேலி. எந்தப் பெண் இரண்டாவது தடவை கேட்பாள்?

அக்கா கண்டுபிடித்த வழி, அங்கிருந்த எல்லாப் பெண்களும் கண்டுபிடித்த வழிதான். தண்ணீர் குடிக்காமல் இருப்பது. காலையில் கட்டன் சாயா ஒரு டம்ளர், மத்தியானம் சோற்றோடு இரண்டு வாய். அவ்வளவுதான். அம்மை வழக்கமாகப் பையில் வைத்துக் கொடுக்கும் பாட்டில் ராத்திரி அப்படியே நிறைந்து திரும்பி வரும்.

"எந்தா பிள்ளே, வெள்ளம் குடிக்கல்லியா?"

"குடிச்சா மூத்திரம் வரும்லா அம்மை."

(எங்கள் ஊர்த் தமிழில் தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் சொல்வோம். மெட்ராஸ்காரர்கள் சிரிக்க வேண்டாம்.)

இந்த ஒரு வரியை நான் பலதடவை கேட்டிருக்கிறேன். அப்போது நான் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தேன். பரீட்சை ஃபீஸ் அக்காவின் சம்பளத்தில்தான் போனது. ஒரு தடவைகூட எனக்கு அந்த வரி விசித்திரமாகப் படவில்லை. இப்போது அதுதான் உறுத்துகிறது.

மூன்றாவது வருஷத்தில் நீர்க்கடுப்பும் காய்ச்சலும் ஆரம்பித்தன. மாதம் தவறாமல். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துவிட்டு, "நிறைய வெள்ளம் குடிக்கணும்" என்று சொல்லி அனுப்புவார்கள். 2004-ல் கல் என்றார்கள். 2005-ல் வேலையை விட்டாள். "அவளுக்கு உடம்பு முடியல்ல" என்று எல்லோரும் சொன்னோம். விதிக்கு முடியவில்லை என்று யாரும் சொல்லவில்லை.

* * *

அந்தப் பெண்கள் சும்மா இருந்துவிடவில்லை என்பதுதான் இந்தச் சரித்திரத்தின் அடுத்த பக்கம்.

கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை செய்துகொண்டிருந்தவர் விஜி. சிறிய கடைகளில் வேலை செய்யும் பெண்களுக்குக் கழிப்பறையே இல்லை. அருகிலுள்ள ஹோட்டல்களில் கெஞ்சிப் போக வேண்டிய நிலை. 2009 வாக்கில் அவரும் தோழிகளும் 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். முதல் கோரிக்கை சம்பள உயர்வு இல்லை. கழிப்பறை. பெரிய தொழிற்சங்கங்கள் அதுவரை இதை ஒரு கோரிக்கையாகவே நினைத்ததில்லை. கோரிக்கைப் பட்டியலில் மூத்திரத்தை எழுத ஆண் தலைவர்களுக்குக் கூச்சம் போலும்.

2014 டிசம்பர் 30-ம் தேதி திருச்சூரில் ஒரு பெரிய ஜவுளிக்கடைக்கு முன்னால் பெண் ஊழியர்கள் உட்கார்ந்தார்கள். ஆமாம், உட்கார்ந்தார்கள்! சங்கத்தில் சேர்ந்ததற்காக ஆறு பேரை வேறு ஊர்களுக்கு மாற்றினார்கள் என்பது உடனடிக் காரணம். நூறு நாளுக்கு மேல் நடந்தது அந்தப் போராட்டம். 'இருப்புச் சமரம்' என்று பெயர் வந்தது. மலையாளத்தில் இரு என்றால் உட்கார்.

2018-ல் கேரள அரசு கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. அந்தச் சட்டம் 1960-ம் வருஷத்தியது. நாலு மணி நேர வேலைக்குப் பிறகு ஒரு மணி நேர ஓய்வு என்றெல்லாம் அதில் ஏற்கெனவே எழுதியிருந்தது. உட்கார நாற்காலி போட வேண்டும் என்று மட்டும் ஐம்பத்தெட்டு வருஷமாக யாருக்கும் தோன்றவில்லை. திருத்தம் அதைச் சேர்த்தது. அதே வருஷம் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் விஜியின் பெயர் இருந்தது.

கோட்டுக்கு அந்தப் பக்கம்? தமிழ்நாட்டில் கடைகள் சட்டம் 1947-ம் வருஷத்தியது. 2010-ல் வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' வந்தபோது ரங்கநாதன் தெருப் பெண்கள் எப்படி நிற்கிறார்கள் என்று ஊரே பார்த்துக் கண்கலங்கியது. (வசனம் எழுதிய ஜெயமோகன் எங்கள் பக்கத்துக்காரர்.) கண்ணைத் துடைத்துக்கொண்டு அதே தெருவில் தீபாவளிக்குத் துணி எடுத்தோம். 2021 செப்டம்பரில்தான் தமிழ்நாடு சட்டசபையில் மசோதா வந்து, 22-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வேண்டும், வேலை நேரம் முழுக்க நின்றுகொண்டே இருக்கும் நிலை கூடாது.

கணக்குக்காரன் புத்தி, கழித்துப் பார்த்தேன். 2018, 2021. பாறசாலையில் ஒரு கடையில் நிற்கும் பெண்ணுக்கும் களியக்காவிளையில் ஒரு கடையில் நிற்கும் பெண்ணுக்கும் நடுவே சில கிலோமீட்டர், மூன்று வருஷம். 1956-ல் போட்ட கோடு நாற்காலியைக்கூட மூன்று வருஷம் தடுத்து நிறுத்தியிருக்கிறது.

வெளிநாட்டிலும் கதை ஒன்றும் பெரிய வித்தியாசமில்லை. அமெரிக்காவில் தொழிற்சாலையில் கழிப்பறை கட்ட வேண்டும் என்று விதி முன்பே இருந்தது. ஆனால் "கட்டச் சொல்லியிருக்கிறது, போக விடச் சொல்லவில்லையே" என்று முதலாளிகள் நின்றார்கள். 1998 ஏப்ரல் 6-ம் தேதிதான் அங்குள்ள பணிப் பாதுகாப்புத் துறை, கழிப்பறை இருந்தால் போதாது, தேவைப்படும்போது போகவும் விட வேண்டும் என்று விளக்கம் கொடுத்தது. என் அக்கா ஜவுளிக்கடையில் சேர்ந்த அதே வருஷம்.

பள்ளிக்கூடங்களிலும் இதே கதைதான். 2019-ல் கேரளப் பள்ளிகளில் 'வாட்டர் பெல்' அடிக்க ஆரம்பித்தார்கள். மணி அடித்தால் எல்லோரும் தண்ணீர் குடிக்க வேண்டும். 2025-ல் தமிழ்நாட்டிலும் வந்தது. நல்ல விஷயம். ஆனால் பிள்ளைகள், முக்கியமாகப் பெண் பிள்ளைகள், ஏன் தண்ணீர் குடிக்காமல் இருந்தார்கள்? மறந்துபோயா? கழிப்பறை நன்றாக இருந்தால் பாதி மணி தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

* * *

இப்போது எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிறேன்.

டென்னிஸிலும் பேடலிலும் விதி எதற்கு வந்தது? இருக்கிற வசதியைத் தந்திரமாகப் பயன்படுத்துகிறவனைத் தடுக்க. விதி வந்தபோதும் மூன்று நிமிஷம் என்பது கதவுக்குள் நுழைந்த பிறகுதான் ஓட ஆரம்பிக்கிறது. செஸ்ஸில் தண்ணீர் குடிக்கும் சாம்பியனுக்காக உலகமே இரண்டு வாரம் விவாதித்தது. அக்காவின் கடையிலும் ஒரு விதி இருந்தது. ஐந்து நிமிஷம், ஒரு தளத்துக்கு ஒருத்தி. மேலோட்டமாகப் பார்த்தால் டென்னிஸ் விதியைவிடத் தாராளம்! ஆனால் அந்த ஐந்து நிமிஷத்தில் மூன்று மாடி ஏறி இறங்கும் நேரமும் அடக்கம், வரிசையும் அடக்கம், கேட்கும் வெட்கமும் அடக்கம். சிட்சிபாஸ் கேட்டால் நடுவர் தலையசைப்பார். அக்கா கேட்டால் தளம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். எத்தனை நிமிஷம் என்பது இரண்டாவது கேள்வி. யாரிடம் கேட்க வேண்டும், கேட்டால் என்ன ஆகும் என்பதுதான் முதல் கேள்வி.

இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டு வெள்ளிக்கிழமை மறுபடியும் கோர்ட்டுக்குப் போனேன். அங்கே ஒரு பையன் இருக்கிறான். பந்து எடுத்துக் கொடுப்பான், கண்ணாடி துடைப்பான், எண்ணிக்கை அட்டையைத் திருப்புவான். சாயந்திரம் ஆறிலிருந்து நடுராத்திரி வரை. போன வாரம் அந்த ஏழு நிமிஷத்தைக் கையில் ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்தது அவன்தான். சும்மா ஒரு எண்ணத்தில் ஹிந்தியில் கேட்டேன்: "நீ எங்கே போவாய்?"

அவன் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் கையைக் காட்டினான். பெட்ரோல் பங்க். இங்கே உள்ளது ஆடுகிறவர்களுக்கு மட்டுமாம். புக்கிங் இல்லாத இடைவெளி கிடைத்தால் ஓடிப்போய் வருவானாம். வெள்ளிக்கிழமைகளில் இடைவெளி கிடைக்காது. "அதனால வெள்ளிக்கிழமை தண்ணி கம்மியா குடிப்பேன் சார்" என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த நாட்டில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மத்தியானம் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. வெயிலுக்கு விதி எழுத முடிந்திருக்கிறது. நாங்கள் நாற்பது பேர் வாரா வாரம் அந்தப் பையன் முன்னால் ஆடியிருக்கிறோம். ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. நான் உட்பட.

அன்று ராத்திரியே விதியை எழுதிவிட்டேன். ஒரு ஜோடிக்கு ஒரு தடவை. செட் முடிவில். கதவுக்குள் நுழைந்ததிலிருந்து மூன்று நிமிஷம். உடம்பு சரியில்லை என்றால் நேரம் பார்க்க வேண்டாம், சக மனிதனை நம்பலாம். நாலாவதாக இன்னொரு வரி சேர்த்தேன். கோர்ட்டில் வேலை செய்பவருக்கும் இதே கழிப்பறை. அவர் எப்போது வேண்டுமானாலும் அட்டையைக் கீழே வைத்துவிட்டுப் போகலாம், அவர் திரும்பும்வரை ஆட்டம் நிற்கும்.

அமைப்பாளர் படித்துவிட்டு, முதல் மூன்றும் ஓகே, நாலாவது கோர்ட் நிர்வாகத்தின் விஷயம், நாம் எப்படி எழுதுவது என்றார். பேசிக்கொண்டிருக்கிறோம். நாலாவது இல்லாமல் முதல் மூன்றைத் தருவதாக இல்லை என்று சொல்லியிருக்கிறேன். பார்ப்போம்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு போன் போட்டேன். இதையெல்லாம் எழுதப் போகிறேன், பரவாயில்லையா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "பேரு போடாத மக்களே" என்றாள். சரி என்றேன். "பின்னே, அந்த நோட்டு உண்டுல்லா... அதுல என் பேருக்கு நேரே ஒரு மாசம் முழுக்க ஒண்ணுமே எழுதியிருக்காது. சூப்பர்வைசர் அதை எல்லாருக்கும் காட்டி, பாத்துப் படிங்க, இவதான் நல்ல வேலைக்காரின்னு சொன்னாரு. எனக்கு அன்னைக்கி எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?"

இதற்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. இப்போ தினமும் எவ்வளவு வெள்ளம் குடிக்கிறாய் என்று மட்டும் கேட்டேன்.

"மூணு லிட்டர்" என்றாள். "டாக்டர் சொல்லியிருக்கு."

பி.கு: அடுத்த தடவை துணி எடுக்கப் போகும்போது, கடையில் நாற்காலி இருக்கிறதா, அதில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று ஒருதரம் பாருங்கள். இரண்டும் வேறு வேறு கேள்வி. உங்கள் ஊரில் என்ன நிலவரம் என்று சொல்லுங்கள்.